மூன்று மாடி உயரத்தில் ஒரு டன்: கார்பன் கலையை ரசிப்பது எப்படி?

நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயுவை ஓவியர் எப்படி வரைவார்? பெரும்பாலும் புகைபோக்கியை வரைவார், பட்டுப்போன மரத்தை வரைவார், அழுகிற பூமிப் பந்தை வரைவார். ஊரில் பாதிப் பள்ளிச் சுவர்களில் இவற்றைப் பார்த்திருப்போம். பூமி ஏன் அழுகிறது, அதில் நம் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று மட்டும் அந்தச் சுவர்கள் சொல்லியிருக்காது. கரியமில வாயுவைக் கண்ணுக்குக் காட்டும் கலை உலகெங்கும் வளர்ந்துவருகிறது. அதில் சரக்கு உள்ளது எது, வெறும் வண்ணம் எது என்று பிரித்தறியச் சில வழிகள் உண்டு.

முதலில் அளவைத் தேடுங்கள்

கோவை உக்கடத்துக்குப் போங்கள். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் 'ஸ்டார்ட் இந்தியா' அமைப்பு 2021-வாக்கில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரையவைத்தது. இவை கார்பனைப் பற்றிய ஓவியங்கள் அல்ல. ஆனால், பெரிய அளவைக் கண்ணால் அளந்து பழக இதைவிட நல்ல இடம் கோவையில் இல்லை. சுவரை ஒட்டி நிற்காமல் எதிர்ப்புறம் தள்ளி நில்லுங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று மாடி வரை கண்ணை உயர்த்துங்கள். அதே அளவு அகலம், அதே அளவு ஆழம் கொண்ட ஒரு பெட்டியை மனதில் கட்டுங்கள். ஒரு டன் கரியமில வாயு அடைத்துக்கொள்ளும் இடம் அவ்வளவு.

2009-இல் கோபன்ஹேகனில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது, சிற்பி அல்ஃபியோ பொனானோவும் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃப் கார்னுபெர்ட்டும் இந்தப் பெட்டியை நிஜமாகவே கட்டி, நகரத்து ஏரியில் மிதக்கவிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் 8.2 மீட்டர். அழுகிற முகமோ அறிவுரையோ அதில் கிடையாது. பார்த்துவிட்டுப் போனவர் மனதில் ஓர் அளவு தங்கியது. இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு டன். அதாவது, அந்தப் பெட்டி இரண்டு.

சின்ன அளவும் தேவை. ஒரு கிலோ கரியமில வாயு சுமார் 550 லிட்டர் இடம் பிடிக்கும். மொட்டை மாடியில் நிற்கும் 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியைவிடச் சற்று அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும் என்று கேட்கலாம். பெட்ரோலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடை கூடுவது அதனால்தான்.

காரணமா, விளைவா?

இரண்டாவது கேள்வி இது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எலி ஹைவுட் 2017-இல் ஒரு போர்வை பின்னினார். ஆண்டுக்கு ஒரு வரி. குளிர்ந்த ஆண்டுக்குக் குளிர்ந்த நிறம், வெப்பமான ஆண்டுக்குச் சூடான நிறம். அடுத்த ஆண்டு அவருடைய சக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் அதையே நீலம் முதல் சிவப்பு வரையிலான பட்டைகளாக வெளியிட, உலகமெங்கும் பரவியது. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளைப் பார்த்து வளர்ந்த கொங்குக் கண்ணுக்கு இதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. எந்த நிறம் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்திலிருந்து நீலம் திரும்பி வரவே இல்லை என்று பார்த்தால் போதும். ஆனால் இந்தப் பட்டைகள் காட்டுவது விளைவை. சூடு ஏறியது தெரியும். யார் ஏற்றினார்கள் என்பது தெரியாது.

பொருளையும் கேளுங்கள்

பெங்களூருவின் கிராவிக்கி லேப்ஸ் நிறுவனம் வாகனப் புகைக்கரியைப் பிடித்து 'ஏர் இங்க்' என்ற மை தயாரித்தது. அனிருத் சர்மா தொடங்கிய நிறுவனம் அது. ஒரு டீசல் கார் முக்கால் மணி நேரம் விடும் புகையிலிருந்து 30 மில்லி மை கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கறுப்பு நன்றாகவே இருக்கும். ரசியுங்கள், ஆனால் ஏமாறாதீர்கள்: புகைக்கரி வேறு, கரியமில வாயு வேறு. கரியைப் பிடித்து மையாக்கினாலும் வாயு குழாய்வழியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

படைப்புக்கே எவ்வளவு கார்பன் செலவானது என்பதையும் விசாரியுங்கள். ஓலாஃபுர் எலியாசன் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளை 2015-இல் பாரிஸ் வீதிக்குக் கொண்டுவந்து உருகவிட்டபோது, அதனால் எழுந்த உமிழ்வின் கணக்கையும் வெளியிட்டார். அந்த நாணயமும் ரசனைக்குரியது.

நம் வாசலில்

நமக்கோ, எண்ணிக்கையை அடித்தளமாகக் கொண்ட ஒரு பொதுக்கலை ஏற்கெனவே உண்டு: புள்ளிக்கோலம். ஒரு புள்ளி ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை வைத்தால் மொத்தம் 41. ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் வருவது ஏறத்தாழ அவ்வளவு, 42 கிலோ. இரண்டு மாத மின்ரசீதில் 387 யூனிட் என்றால் சுமார் 271 கிலோ; 19 புள்ளி, இடுக்குப்புள்ளி, 10 வரை. பொங்கலுக்கு முந்தைய காப்புக்கட்டு அன்று வாசலை அடைக்கிற கோலம் அது.

ஒரு தெருவே சேர்ந்து இப்படிப் போட்டால் பேச்சு தானாகக் கிளம்பும். "ஏனுங்க்கா, போன வாட்டி பத்தொம்பது புள்ளி, இந்த வாட்டி பதினேழுதானா?" "ஆமா அம்மணி, ஏசியக் கொறச்சோம்." 17 புள்ளி, 9 வரை என்றால் 217. கிட்டத்தட்ட 310 யூனிட். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒவ்வொரு புள்ளியாக வைக்கும்போது முதுகு வலிக்கும். ரசீதில் ஓர் எண்ணாகக் கிடப்பது உடம்புக்குத் தெரியவரும் இடம் அதுதான்.

கடைசியாக, எந்தப் படைப்பின் முன்னால் நின்றாலும் 'யாருடைய புள்ளி?' என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு டன் என்பது சராசரி. இரண்டு கார், நான்கு ஏசி வைத்திருக்கும் பங்களாவுக்கும் உக்கடத்தில் ஒற்றை மின்விசிறி சுழலும் வீட்டுக்கும் வாசல்கோலம் ஒன்றாக இருக்காது. நூற்பாலையின் மின்சாரமும் ஃபவுண்டரி உலையின் எரிபொருளும் எந்த வீட்டு வாசலிலும் வராது. அவற்றுக்கு ஆலை வாசலில்தான் கோலம் போட வேண்டும். எல்லோரும் ஒரே அளவு குற்றவாளி என்று காட்டும் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி உண்மைதான்.

கணக்கு எளிது. மின்சார யூனிட்டை 0.7-ஆலும் பெட்ரோல் லிட்டரை 2.3-ஆலும் பெருக்குங்கள், சிலிண்டருக்கு 42 போடுங்கள். அடுத்த மின்ரசீது வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். பிறகு கோலமாவை எடுங்கள்.