கல்கத்தாவின் இராப்போஜனச் சித்திரம்

குன்னத்துகாலிலும் பாறசாலையிலும் கிறிஸ்தவ இல்லங்களின் உணவறைச் சுவரில் இராப்போஜனப் படத்தைக் கண்டு பழகிய நமக்கு, கல்கத்தாவிலுள்ள பரிசுத்த யோவான் ஆலயத்தின் சித்திரம் பரிச்சயமான அக்காட்சியிலேயே அபூர்வமானதோர் ரசானுபவத்தை நல்குகிறது. ஜெர்மனியில் 1733இல் பிறந்து, லண்டனில் கீர்த்தி பெற்று, 1783இல் இந்தியா வந்த ஜோஹான் ஜோஃபனி, 1787இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற அவ்வாலயத்திற்கென இதனை வரைந்தளித்தார்.

ஐரோப்பிய சம்பிரதாயத்தின் ஒழுங்கையும் நிதானத்தையும் கைவிடாமலே, கிறிஸ்துவின் வதனத்திற்கு அந்நகரத்துக் கிரேக்கப் பாதிரியார் பார்த்தீனியோவையும், யோவானுக்குப் போலீஸ் மாஜிஸ்டிரேட் பிளாக்கியேரையும், யூதாசுக்கு ஏலம் விடுபவரான டுல்லோவையும் அவர் மாதிரியாகக் கொண்டார் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. சுவரில் தொங்கும் சேவகனின் வாளும், மேசையருகே படிக்கத்தின் வடிவிலுள்ள நீர்ப்பாத்திரமும், தண்ணீர் சுமப்போரின் தோற்பையும் வங்கத்து வாழ்விலிருந்தே வந்தவை.

சாஸ்திரோக்தமான கலை, தான் வந்து தங்கிய மண்ணின் முகங்களையும் பண்டங்களையும் தெய்வ சந்நிதானத்தில் கூச்சமின்றி அமர்த்தும்போதுதான் பூரண ஜீவன் பெறுகிறது. 2010இல் பழுது நீக்கி வர்ணம் மீட்கப்பெற்ற இச்சித்திரம் அதற்கு உன்னதமான சாட்சி. கல்கத்தா செல்லும் நம்மவர் எவரும் இதைத் தரிசியாமல் திரும்பலாகாது.