கடல் தெரியும் அறைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் விடுதிகளில் ஒரே மாதிரி அறைக்கு இரண்டு விலை உண்டு. கட்டில், குளியலறை, காலைச் சிற்றுண்டி எல்லாம் ஒன்றுதான். ஒன்றின் ஜன்னலில் தோட்டம் தெரியும். அது ‘கார்டன் வியூ’. இன்னொன்றின் பால்கனியில் கடல் தெரியும். அது ‘சீ வியூ’. அந்தக் காட்சிக்காக மட்டும் ஓர் இரவுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஏறுவதும் உண்டு. மதுராந்தகத்துக் குடும்பம் ஒன்று செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதே கடலின் முன்னால் காசு கொடுக்காமல் நின்றுவிடலாம். ஆகவே அந்தக் கூடுதல் தொகை உறுத்தத்தான் செய்யும்.

உறுத்தல் நியாயமா என்று தெரிய, முதலில் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். இந்தக் கடற்கரை கிழக்கு பார்த்தது. கோவாவிலும் கோவளத்திலும் (கேரளத்துக் கோவளம்) கிடைக்கும் சூரிய அஸ்தமனம் இங்கே கிடையாது. மாலையில் சூரியன் விடுதியின் முதுகுக்குப் பின்னால், நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கிவிடும். இங்கே காட்சி என்றால் உதயம்தான். மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே, ஜனவரி கடைசியில் ஆறரையை ஒட்டி. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெயில் நேராக அறைக்குள் பாய, திரையை இழுத்துவிட வேண்டியதுதான். பல விடுதிகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஓர் இரவு தங்குபவருக்கு மொத்தமே ஒரு விடியல். அதையும் தூங்கிக் கழிப்பவர்கள் எத்தனை பேர் என்பது காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் பத்து மணிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே விளங்கும்.

பிற்பகலைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு தவறிவிடும். உச்சி சாய்ந்ததும் பால்கனி கட்டடத்தின் நிழலுக்குள் வந்துவிடுகிறது. பின்னாலிருந்து விழும் வெயிலில் கடல் நல்ல நீலமாகத் தெரியும், கோடையில் கடற்காற்றும் அப்போதுதான் கரையேறும். மேற்குக் கரை விடுதியில் அதே நேரம் கண்ணைத் திறக்க முடியாது. உதயத்தைப் படம் போட்டு விற்கும் விடுதிகள் இந்த மூன்று மணிச் சுகத்தை விளம்பரத்தில் சொல்வதே இல்லை என்பது வேடிக்கை.

பௌர்ணமியன்று கடலிலிருந்து நிலா எழுவது இன்னொரு காட்சி. மாசி மகத்தன்று அதைப் பார்க்க மிக நல்ல இடம் எந்த விடுதியிலும் இல்லை. பல மாவட்டங்களிலிருந்து வரும் இருளர் பழங்குடியினர் மாமல்லபுரம் மணலிலேயே சேலைகளைத் தடுப்பாகக் கட்டித் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியலில் திருமணங்களும் நடத்துகிறார்கள்.

சரி, ‘சீ வியூ’ என்று சொல்லப்படும் அறையில் கடல் எவ்வளவு தெரியும்? இதற்கான பதில் பெரும்பாலும் சட்டத்தில் இருக்கிறது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றது. அதற்கு அப்பால் வரும் விடுதிகளும் தரைத்தளமும் ஒரு மாடியுமாக, 9 மீட்டர் உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்றது. நல்ல விதி, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அதன் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 200 மீட்டர் தள்ளி, நடுவில் மணல்மேடும் சவுக்குத் தோப்பும் இருக்க, தரைத்தள அறையிலிருந்து தெரியும் கடல் மரங்களுக்கிடையே ஒரு நீலக் கோடு. 1974-இல், பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் எழுந்த, இந்தக் கரைக் கோவளத்தின் தாஜ் போன்ற பழைய விடுதிகள் இந்த விதிக்கு முந்தியவை. அங்கே கடல் நிஜமாகவே பக்கத்தில். இரண்டு வகைக்கும் விளம்பரத்தில் ஒரே பெயர்.

ஐரோப்பியக் கப்பல் சுற்றுலாவிலும் இதே குழப்பம்தான். 1984-இல் ‘ராயல் பிரின்சஸ்’ கப்பல் உள்ளறையே இல்லாமல், எல்லா அறையும் கடல் பார்க்கும்படி வந்த பிறகு பால்கனி ஆசை பெருகியது. ஏழெட்டு மாடி உயரத்தில், தண்ணீருக்கு நேர் மேலே உட்காரலாம் என்பதில் கப்பல் கடற்கரை விடுதியை எளிதில் வென்றுவிடும். ஆனால் மத்தியதரைக் கடல் பயணத்தில் கப்பல் காலையில் சிவிடவெக்கியா துறைமுகத்தில் நிற்கும். பயணி ரோமுக்கு ஓடிவிடுவார். மாலையில் கிளம்பிய கப்பல் இரவெல்லாம் இருட்டில் போகும். பால்கனிக்குக் கொடுத்த பணம் பகலெல்லாம் பூட்டிய அறையில் கிடக்கும். நார்வே வேறு கதை. ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்க, கெய்ராங்கர் கடற்கழியின் பாறைச் சுவர்களுக்கு நடுவே கப்பல் நகரும்போது பார்ப்பதற்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அங்கே பால்கனிக்குக் கொடுக்கலாம். ரோம் பயணத்தில் அந்தக் காசை ரயிலுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாமல்லபுரம் ரோம் வகையைச் சேர்ந்தது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, புலிக்குகை என்று வெளியே பார்க்க அவ்வளவு இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில் திறந்ததும் போனால், உதயவெயில் ராஜசிம்மப் பல்லவன் காலத்துக் கல்லில் படுவதைப் பார்க்கலாம். எந்தப் பால்கனிக்கும் அந்தக் காட்சி வாய்க்காது. சிற்பம் பார்க்க வருபவர் தோட்டத்து அறையை எடுத்தால் ஒன்றும் இழப்பதில்லை.

ஆனால் எல்லோரும் சிற்பம் பார்க்க வருவதில்லை. மூட்டு வலியோடு மணலில் நடக்க முடியாத பாட்டி, கைக்குழந்தைக்காரி, வெயிலுக்கு அஞ்சுபவர் ஆகியோருக்குக் கடல் கிடைப்பதே பால்கனியில்தான். இறங்கிக் குளிப்பதும் இந்தக் கடலில் ஆபத்து, இழுப்பு அதிகம். நாளெல்லாம் அறையிலேயே இருக்கப் போகிறவருக்கு அந்தச் சில ஆயிரம் மோசமான செலவல்ல.

கடல் பக்கத்து அறைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்றில் ஏசி இயந்திரமும் கதவுக் கீலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பராமரிப்பு தளர்ந்த விடுதியில் அது முதலில் தெரிவது விலை கூடிய வரிசையில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி விடுதிப் பக்கம் ஊர்ந்துவிடும். அந்தப் பருவத்தில் இரவு முழுக்கப் பால்கனி விளக்கை எரிய விடுவதை விடுதிகளே நிறுத்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தள்ளுபடி வரும். வடகிழக்குப் பருவக்காற்று நேரே பால்கனியில் வந்து அறையும் மாதங்கள் அவை. மழை பிடித்துக்கொண்டால் கண்ணாடிக் கதவைத் திறக்கவே முடியாது. அந்தத் தள்ளுபடிக்கு மயங்காமல், மாசியிலிருந்து சித்திரைக்குள் ஒரு வார நாளாகப் பார்த்து, மாடி அறையா, நடுவில் தோப்பு இருக்கிறதா, கரை எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் போனில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யலாம். ‘பார்ஷியல் சீ வியூ’ என்று பதில் வந்தால் தோட்டத்து அறையே போதும்.