குலெசோவின் திரைக்கலைக் கல்வி: ஒரு மறுநோக்கு

திரைக்கலையை ஆராய்வோருட் பலர் லெவ் குலெசோவ் என்னும் பெயரை ஒரு சோதனையின் பெயராகவே அறிவர். உருசிய நடிகர் மொசூகினின் உணர்ச்சி காட்டாத முகம். அதனை அடுத்து ஒருகால் உணவுக் கிண்ணம், ஒருகால் பிணப்பெட்டி, ஒருகால் விளையாடும் குழந்தை. கண்டோர் அம் முகத்திற் பசியையும் துயரையும் மகிழ்ச்சியையும் கண்டனர் என்பர். இதனைக் கொண்டு, திரையிற் பொருள் பயப்பது படத்தொகுப்பே, நடிகன் வெறுங்கருவியே எனக் குலெசோவ் கற்பித்தார் என்று கூறுதல் வழக்கமாயிற்று. இம் முடிபு பொருந்துமா என ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சான்றின் நிலையை நோக்குவோம். அச் சோதனைப் படச்சுருள் இன்று கிடைத்திலது. பரவியிருப்பது அவர்தம் மாணவர் புதோவ்கின் தந்த விளக்கமாகும். குலெசோவ் கூறியன அதனோடு முற்றும் ஒத்தில. மூலம் மறைந்து, வழிவந்த பாடங்கள் தம்முள் வேறுபடுமிடத்து, ஒன்றனையே மூலமெனக் கொள்ளுதல் பதிப்பு நெறி அறிந்தார்க்கு உடன்பாடாகாது. ஆயினும், அதன் கருத்தைத் தள்ளவேண்டா. தொடரில் நின்ற சொல் பிற சொற்களாற் பொருள் தெளிவுறுமாறு, காட்சியும் அடுத்த காட்சியாற் பொருள் தெளிவுறும். ஆனால் தொடர் சொல்லை விளக்குமேயன்றிச் சொல் இல்லாதவிடத்து அதனைப் படைக்காது.

இனி ஆசிரியப் பணியை நோக்குவோம். 1899இல் பிறந்த குலெசோவ் ஓவியம் பயின்று, இயக்குநர் பாவுவேரிடம் காட்சியமைப்பாளராகப் பணிபுரிந்தவர்; 1917இல் அவர்தம் படமொன்றில் நடித்தும் உள்ளார். 1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தோன்றியது. அதன் தொடக்கக் காலத்திலேயே ஆசிரியராயினார். படச்சுருள் அரிதாயிருந்த அந்நாளில், அவர்தம் மாணவர்கள் சுருளின்றியே படக்காட்சிகளை மேடைமீது நடித்துப் பழகினர். கண், கை, உடல் ஆகியவற்றின் அசைவுகள் தனித்தனியே பயிற்றப்பட்டன. நடிகனைக் கருவியாக மட்டும் கருதிய ஒருவர் இத்துணை உழைப்பை நடிப்புப் பயிற்சியிற் செலவிட்டிருப்பாரோ?

அவர் இயக்கிய ‘சட்டத்தின்படி’ (1926) என்னும் படம் இதற்குத் தக்க சான்று. சாக் லண்டனின் கதையைத் தழுவிய அப் படம், மிகச் சிலரையே கொண்டு, பெரும்பாலும் ஒரு குடிலினுள் நிகழ்வது. ஆண்டுத் துயரைத் தாங்கி நிற்பன கோக்லோவா முதலாய மாணவ நடிகர்தம் முகங்களும் உடல்களுமே. படத்தொகுப்பு அவற்றைக் கூர்மைப்படுத்துகின்றது. அவற்றிற்கு ஈடாக நிற்கவில்லை.

குறையும் கூறுதல் நடுநிலையாம். அசைவுகளை வலைக்கோடுகளுள் அடக்கி அளந்த அவர்தம் தொடக்கமுறை, சிற்சில இடங்களில் நடிப்பைப் பொறியின் இயக்கமாக்கியது. 1929இல் வெளிவந்த அவர்தம் நூல் தொகுப்பிற்கு மிகுந்த ஏற்றம் தந்தது. ஆனால் 1935இல் ஒத்திகை முறை பற்றியே தனிநூல் எழுதினார் என்பதை மறத்தலாகாது. 1941இல் திரைப்பட இயக்கத்தின் அடிப்படைகளை விளக்கும் பாடநூலையும் அளித்தார். உருவவாதி என்னும் பழி 1930களில் அவர்மீது சுமத்தப்பட்டது. ஆயினும் கற்பித்தலைக் கைவிட்டிலர். 1944இல் அந் நிறுவனத்தின் தலைமையையே ஏற்றார். 1970இல் மறைந்தார்.

ஆகவே, ஒருசில துண்டுச் சுருளைக் கொண்டு ஓர் ஆசிரியரின் அரைநூற்றாண்டுப் பணியை அளத்தல் முறையன்று. அவ்வாறு அளப்பின் இழப்பு அவருக்கன்று. திரைக்கலை கற்கும் மாணவர்க்கே. தொகுப்பு மேசையே போதும் என எண்ணும் மாணவன் நடிகனைக் காணக் கற்கமாட்டான். குலெசோவின் வகுப்பறையோ இரண்டினையும் ஒருங்கே கற்பித்தது. அவரைப் பாடமாக வைப்போர் அச் சோதனையோடு அவர்தம் ஒத்திகை முறையையும் சேர்த்தே வைத்தல் வேண்டும்.