தீர்வைக் குறைப்பும் ஊவாத் தேயிலையும்

வளர்முக நாடுகள் தமக்குள்ளே இறக்குமதித் தீர்வையைக் குறைத்துக்கொள்ளுமாயின் அவற்றிடையே வர்த்தகம் பெருகும் என்பது பொருளியலாளர் பலர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்தாகும். 1964ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் பின்னர் இக்கருத்து வலுப்பெற்றது. தென்னாசியாவில் 1995இல் நடைமுறைக்கு வந்த சலுகை வர்த்தக ஏற்பாடும், 2006இல் அதனைத் தொடர்ந்த சுதந்திர வர்த்தக ஏற்பாடும் இதனையே அடிப்படையாகக் கொண்டன. இக்கருத்து எவ்வளவு மெய்யென்பதை அறிதற்கு ஊவா மாகாணத்துத் தேயிலை தக்கதோர் உரைகல்லாகும்.

பதுளை, பசறை, பண்டாரவளை, மடுல்சீமை ஆகிய மலைப்பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும். அக்காலத்திற் பறிக்கப்படும் கொழுந்து தனி மணமும் சுவையும் உடையது. 1924இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தபின் இத்தேயிலை கொழும்பு ஏலத்துக்கு விரைந்து சென்று, அங்கிருந்து உலகச் சந்தைகளை அடைந்தது. எனினும் மிக அண்மையிலுள்ள பெருநாடாகிய இந்தியா இதனைப் பெரிதும் வாங்கியதில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வாய்ப்பாக 1998 டிசம்பர் 28இல் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கருதப்பட்டது. அதன்படி ஆண்டொன்றுக்கு 150 இலட்சம் கிலோ இலங்கைத் தேயிலைக்கு இந்தியா தீர்வையிற் பாதியைக் குறைத்தது. தொடக்கத்தில் குறித்த சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே அதனை இறக்கலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. அன்று இலங்கையின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 3,000 இலட்சம் கிலோ. எனவே சலுகை பெற்றது இருபதில் ஒரு பங்கே. அச்சிறு பங்கிலும் மிகக் குறைந்த அளவே இந்தியாவுக்குச் சென்றது.

ஒதுக்கீடு சிறிதாயிருந்ததே குறை என்பார் உளர். நிரம்பாத கலத்தைப் பெரிதாக்குவதால் யாது பயன்? காரணத்தை வேறிடத்திலே தேடுதல் வேண்டும்.

முதலாவது, நுகர்வோரின் சுவை. இந்தியத் தேநீர்க் கடைகளிற் பாலோடு கலந்து கொதிக்க வைக்கப்படுவது, 1930களில் அசாமில் உருவான இயந்திர முறையால் நொறுக்கிச் சுருட்டப்படும் குருணைத் தேயிலை. இலங்கைத் தேயிலையிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டது பழைய உருட்டு முறையிலே ஆக்கப்படுவது. ஊவாவின் நறுமணம் பாலிலும் சர்க்கரையிலும் மறைந்துவிடும். அதற்கு மிகை விலை கொடுப்பார் அங்கு அரியர்.

இரண்டாவது, இரு நாடுகளும் ஒரே பயிரை விளைவிப்பவை. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கைத் தோட்டங்களை விட்டுச் சென்றோருக்கு வாழ்வளிக்கவே தமிழ்நாட்டரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கைத் தேயிலை பெருகி வந்து நீலகிரியில் விலை விழுமாயின், தாக்கப்படுவோருள் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் உறவினரும் இருப்பர். ஒதுக்கீட்டளவும் துறைமுகக் கட்டுப்பாடும் இத்தகைய அச்சத்தின் விளைவுகளே.

பாகிஸ்தானின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. அந்நாடு தேயிலை விளைவிப்பதன்று, குடிப்பது. 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை 10,000 தொன் இலங்கைத் தேயிலையைத் தீர்வையின்றி அனுமதித்தது. அவ்வாறிருந்தும் அச்சலுகை பெறாத கென்யாவே அங்கு முதன்மை வழங்குநராக நீடித்தது. கென்யாவின் குருணைத் தேயிலை மலிவானது. அங்குள்ளோர் பழகிய சுவைக்கும் ஏற்றது.

இவற்றைக் கொண்டு தீர்வைக் குறைப்பு முற்றும் பயனற்றதெனத் துணிதல் தகாது. இந்திய உடன்படிக்கையின் தொடக்க ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. ஆயின் அதிற் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்புப் பொருள்களுமாகும். மூலப்பொருளை இலங்கையிற் குறைந்த தீர்வையில் இறக்கி, உருமாற்றி, இந்தியாவுக்குத் தீர்வையின்றி அனுப்பிய தொழில்கள் அவை. இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் அவை நலிந்தன. தீர்வை வேறுபாட்டினாற் பிறந்த வர்த்தகம் அவ்வேறுபாட்டோடே மறைந்தது.

2024 பெப்ரவரியில் தாய்லாந்துடனும் இலங்கை இத்தகைய உடன்படிக்கை செய்துகொண்டது. இவ்வகை உடன்படிக்கைகளை மதிப்பிடுவோர் குறைக்கப்பட்ட விகிதத்தை மட்டும் நோக்குதல் போதாது. வாங்குவோர் எவர், அவர் விரும்பும் பொருள் யாது, ஊதியம் எவர் கையைச் சேர்கிறது என்ற மூன்றையும் வினவுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் பல்லாண்டு கோரிய 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இற் சம்பள நிர்ணய சபை வழியாகவே கிட்டியது. அதனை எந்த வர்த்தக உடன்படிக்கையும் தரவில்லை. தீர்வை குறைந்தால் கொழுந்து பறிப்பவளின் கூடைக்கும் தானே பயன் இறங்கி வரும் என்னும் நம்பிக்கைக்கு ஊவா இதுவரை சான்று பகரவில்லை.