கையில் ஏறும் பலம், கணக்கில் ஏறும் பலம்

டெக்கன் 3 என்ற ஃபைட்டிங் கேமை ஆடியவர் எவரும் எடி கோர்டோவை மறந்திருக்க மாட்டார். பிரேசிலின் கப்போயிரா வீரன். கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுழற்றி அடிப்பவன். கன்ட்ரோலரை அன்றுதான் முதன்முதலாகத் தொட்ட பையன்கூட அவனை எடுத்துக்கொண்டு இரண்டு உதை பட்டன்களையும் மாற்றி மாற்றி அமுக்கினால் போதும், பழகியவனையே திணறடித்துவிடுவான். மணிக்கணக்கு வாடகைக்கு பிளேஸ்டேஷன் விட்ட கடைகள் பலவற்றில் ‘எடியை எடுக்கக் கூடாது’ என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் உண்டு.

ஆனால் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டு எடியோடு மோதிப் பார்த்தவர்கள்தான் ஆட்டத்தைக் கற்றார்கள். அவனுடைய சுழற்சி அழகானது, நீளமானது. அந்த நீளத்திலேயே அவனுடைய பலவீனமும் இருக்கிறது. உதைத்து முடித்து அவன் நிமிர்வதற்குள் ஒரு சிறு இடைவெளி விழும். பின்னால் நின்று பார்ப்பவர்கள் “சைடு ஸ்டெப் போடு மச்சி, சைடு ஸ்டெப்!” என்று கத்துவதும் அந்த இடைவெளிக்காகத்தான். அதைக் கண் பிடித்துவிட்ட நாளோடு எடியின் மிரட்டல் முடிந்தது. திரைக்குள் ஒன்றும் மாறியிருக்காது. அவன் உதையின் வேகமும் அதேதான், நாம் எடுத்த வீரனின் பலமும் அதேதான். பலம் ஏறியிருப்பது நம் கையில்.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, இதற்கு நேர்மாறான வழியில் போகும். குகைக்குள் இருக்கும் பாஸிடம் தோற்றுவிட்டால் வெளியே வந்து சின்னச் சின்ன அரக்கர்களை அடித்து, லெவல் ஏற்றி, நல்ல வாள் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பப் போகலாம். அதே கை, அதே பட்டன். போன முறை 40 புள்ளி குறைத்த அடி இந்த முறை 90 குறைக்கும். இங்கே பலம் ஏறுவது கணக்கில்.

இந்த இரண்டு கலைகளையும் ஒப்பிடுகிறவர்கள் வேகத்தை வைத்தே பேசுகிறார்கள்: ஒன்று கைவேகம், மற்றொன்று நிதானம் என்று. எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. பலம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கும் கோடு.

ஓசூரில் இந்தக் கோடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து, ஊரே ஷிப்ட் கணக்கில் தூங்கி விழிக்கப் பழகிய இடம் இது. ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்தே உட்காரும். பிறகு இந்தியும் ஒடியாவும் வந்து சேர்ந்தன. ஃபைட்டிங் கேமுக்கு மொழி வேண்டாம். கதை தெரிய வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தோற்றவன் எழுந்தால் அடுத்தவன் உட்காரலாம். மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கும் கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. 1997இல் மூன்று சிடிகளில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 அந்தக் கடையில் என்ன செய்யும்? பக்கம் பக்கமாக ஆங்கில வசனம், 40 மணி நேரக் கதை, ஆட்டத்தைச் சேமித்து வைக்க மெமரி கார்டு. கார்டு கடைக்காரருடையது, நாளை வேறொருவன் அதன்மேல் தன் ஆட்டத்தைச் சேமித்துவிட்டால் நம் வீரனின் 30 லெவலும் போயிற்று. கணக்கில் ஏறும் பலத்துக்குச் சொந்தமாக ஒரு பெட்டி வேண்டும். கையில் ஏறிய பலத்தை எந்தக் கடைக்கும் கொண்டு போகலாம்.

ஃபைட்டிங் கேமின் உள்கட்டுமானத்தைப் பார்த்தால் மதிப்பு இன்னும் கூடும். திரையில் ஒரு நொடி 60 ஃபிரேமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மூன்று கட்டம்: கை கிளம்பும் நேரம், படும் நேரம், திரும்பி வரும் நேரம். டெக்கனில் மிக வேகமான குத்துகள் கிளம்பிப் படுவதற்கு 10 ஃபிரேம், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண்ணால் ஒன்றைக் கண்டு விரல் அசைவதற்கு மனிதனுக்குச் சுமார் நொடியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஆகிறது. 12 முதல் 15 ஃபிரேம். கூட்டிக் கழித்தால் விடை வியப்பானது. வேகமான குத்தைப் பார்த்துவிட்டுத் தடுக்க மனிதனால் முடியாது. அது வருவதற்கு முன்பே தடுத்திருக்க வேண்டும். அசெம்பிளி லைனில் சைக்கிள் டைமோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாகம் கண்முன் வந்தபின் ஸ்பேனரைத் தேடுகிறவன் லைனை நிறுத்திவிடுவான்.

ஆகவே கைவேகத்தின் ஆட்டம் என்று நாம் நினைப்பது உண்மையில் எதிராளியின் மனத்தைப் படிக்கும் ஆட்டம். அடியைத் தடுப்பு முறிக்கும், தடுப்பைப் பிடி முறிக்கும், பிடியை அடி முறிக்கும். இந்த மூன்றின் சுற்றில், இவன் பயந்தால் என்ன செய்வான், ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் என்ன செய்வான் என்று கவனிப்பதுதான் ஆட்டம். 2004இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா செய்ததை இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில் அவர் எடுத்த வீரன் கென்னுக்கு மிஞ்சியிருந்தது மயிரிழை உயிர். ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ தன் உச்ச அடியைத் தொடுத்தாள், 15 உதைகள். சாதாரணமாகத் தடுத்தாலே ஒவ்வொன்றும் சிறிது உயிரைக் குடிக்கும், அவ்வளவு உயிர் அவரிடம் இல்லை. அந்த ஆட்டத்தில் பாரி என்றொரு வழி உண்டு: அடி வந்து படும் கணத்தில் பின்வாங்காமல் அதை நோக்கியே ஸ்டிக்கைத் தட்ட வேண்டும். டைகோ 15 உதைகளுக்கும் தட்டினார், கடைசி உதையை ஆகாயத்தில் எதிர்கொண்டு தாக்கி ஜெயித்தார். பலர் கவனிக்காதது ஒன்று: முதல் தட்டல், உதை கிளம்புகிற கணத்திலேயே விழ வேண்டியது. எதிராளி அதை இப்போது தொடுப்பான் என்று அவர் முன்பே படித்துவிட்டார். எனக்கு அந்தப் 15 தட்டல்களில் முதலாவதுதான் பெரிது.

நம் துணைக்கண்டத்திலும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அர்ஸ்லான் ஆஷ். லாகூர்க்காரர். நம் ஊர்க் கடைகளைப் போலவே காசு கொடுத்து ஆடும் கடைகளில் வளர்ந்த கை. 2019 பிப்ரவரியில் ஈவோ ஜப்பானில் டெக்கன் 7 பட்டத்தை வென்றார், அதே ஆகஸ்டில் லாஸ் வேகஸ் ஈவோவையும் வென்றார். கொரியாவும் ஜப்பானும்தான் டெக்கனின் தாயகம் என்றிருந்த உலகம் திகைத்துப்போனது. எங்கிருந்தோ வந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு கடை, ஒரு பெஞ்சு, ‘அடுத்து நான்’ என்று காத்திருந்த ஒரு கூட்டம் இருந்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்க ஆட்டமாக இருந்தபோது இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் போய் ஆடினார்கள்.

ஆர்பிஜியின் வேர் வேறு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. அங்கே அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். எந்த இடத்தில் நிற்பது, யாரைக் காப்பது, எதை மிச்சம் வைப்பது என்பதை ஆடுபவர் சொல்வார். 1986இல் டிராகன் குவெஸ்ட் அதையே எளிமையாக்கி வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. நீ ஒரு அடி, நான் ஒரு அடி. பார்க்க அசையாத சண்டை. அதற்குள் ஓடுவது வரவு செலவுக் கணக்கு: இந்த மருந்தை இப்போதே குடிப்பதா, பாஸுக்கு வைப்பதா?

அசையாத சண்டைக்குள் காலத்தை நுழைத்தவர் ஹிரோயுகி இட்டோ. ஃபார்முலா 1 பந்தயத்தில் கார்கள் வேறு வேறு வேகத்தில் முந்துவதைப் பார்த்து, ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியாக நிரம்பும் கால அளவு என்று 1991இல் ஃபைனல் ஃபேண்டஸி 4இல் வைத்தார். மெனுவில் மந்திரம் தேடிக்கொண்டிருந்தால் எதிரி காத்திருக்க மாட்டான். 2003இல் வந்த ஷின் மெகமி டென்செய் 3 நாக்டர்ன் இன்னொரு பக்கமாகப் போனது. எதிரியின் பலவீனத்தைத் தொட்டு அடித்தால் நமக்குக் கூடுதல் முறை. குறி தப்பினால் கையிலிருக்கும் முறைகளும் போகும். இதே சட்டம் எதிரிக்கும் உண்டு. ஒரு தவறான மந்திரத்தால் வாய்ப்பை இழந்து, அடுத்து எதிரி நம் கூட்டத்தையே வரிசையாகச் சாய்ப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். முறைவைத்து அடிக்கும் சண்டையில் இத்தனை பதற்றத்தைக் கொண்டுவந்த ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆர்பிஜிக்கு ஒரு தாராள குணம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரின் கை ஃபைட்டிங் கேமுக்கு உதவாது. ஆறு மாதம் தொடாமல் விட்டால் கற்ற காம்போவும் விரலை விட்டுப் போய்விடும். ஆர்பிஜியில் லெவல் 42இல் விட்டுப் போனவன் பத்து வருடம் கழித்து வந்தாலும் லெவல் 42இல்தான் நிற்பான். கிருஷ்ணகிரி, சூளகிரிப் பக்கமிருந்து ஓசூருக்கு ஓடும் கம்பெனி பஸ்களில் இன்று போனில் ஆடுவதற்கு அதனாலேயே இந்த வகை ஒத்துவருகிறது. தூக்கத்துக்கு நடுவே நான்கு சண்டை, இரண்டு லெவல். சுங்கச்சாவடியில் வண்டி நின்றால் இன்னும் ஒன்று. மெமரி கார்டுக்குக் கடைக்காரரை நம்பியிருந்த காலம் போய், ஒவ்வொரு சட்டைப்பைக்கும் ஒரு பெட்டி வந்துவிட்டது.

இந்தப் பகுதியின் நடுகற்கள் முன் நிற்கும்போது எனக்கு இந்த இரண்டு வகைகளும் நினைவுக்கு வருவதுண்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதன் ஆண்ட குந்தாணியை ஒட்டிய சின்னகொத்தூரிலும் அவை நிறைய உண்டு. சிலவற்றில் வீரனும் எதிரியும் மட்டும்: ஓங்கிய வாள், இழுத்த வில், உடலில் தைத்த அம்பு. சிற்பி ஒரே ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறான். ஃபைட்டிங் கேம் வாழ்வது அந்தக் கணத்தில். மூன்று நிலையாகச் செதுக்கிய கற்களில் கீழே சண்டை, நடுவே அவனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலே லிங்கத்தின் முன் அவன். யாருடைய மாட்டை மீட்கப் போனான், போனபின் என்ன ஆனான் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தச் சண்டை முடிவதில்லை. ஆர்பிஜியின் சண்டைக்கு எடை வருவதும் மேலிருக்கும் இரண்டு நிலைகளால்தான். கதையைத் தாண்டித் தாண்டி அமுக்கிவிட்டுச் சண்டை சலிப்பாக இருக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் கால் வைக்கும் இடங்கள் தனி ருசி. 1994இல் ஃபைனல் ஃபேண்டஸி 6 சேபின் என்ற மல்லனின் அடிகளை மெனுவில் வைக்காமல், ஸ்ட்ரீட் ஃபைட்டர் பாணியில் திசைகளை வரிசையாகத் தட்ட வைத்தது. போக்கிமானில் அமைதியான முறைவைப்புச் சண்டைக்குள் முழு மனப்போர் நடக்கிறது. இருவரும் ரகசியமாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். நெருப்பு வகையான என் சாரிசார்டின் எதிரில் தண்ணீர் வகையான பிளாஸ்டாய்ஸ். தண்ணீர் வரும் என்று நான் செடி வகையான வீனசாரை மாற்றி இறக்குவேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் தண்ணீரை விட்டுவிட்டு ஐஸ் பீமை அனுப்புகிறான். வந்து இறங்கும் வீனசார் மேல் அது விழுகிறது. எந்தக் கைவேகமும் இல்லாமல் டைகோவின் முதல் தட்டல் இங்கே நிகழ்ந்துவிடுகிறது. எதிரில் மனிதன் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வகையும் ஒரே கலையாகிவிடுகின்றன.

2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எதிர்த்திசையில் நடந்து பார்த்தது. அதன் வேர்ல்ட் டூர் என்ற பகுதியில் நம் வீரனுக்கு லெவல் உண்டு, உடை உண்டு, குருமார்களிடம் வித்தை கற்கலாம். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. கையால் ஜெயித்திருக்க வேண்டிய இடத்தில் லெவல் வந்து குறுக்கே நிற்கிறது. பிரான்ஸின் சேண்ட்ஃபால் ஸ்டுடியோ உருவாக்கி 2025இல் வெளிவந்த கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இதைவிடத் துணிச்சலானது. நம் முறை வந்தால் நிதானமாக யோசித்து மெனுவில் தேரலாம். எதிரியின் முறையில் ஒவ்வொரு அடியையும் சரியான கணத்தில் நாமே தட்டித் தடுக்க வேண்டும். அடி விழும் தாளத்தைக் காது பிடித்துக்கொண்டால், தொடர் முழுவதையும் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். முதல் பத்து மணி நேரம் இரண்டு கலையும் தோளோடு தோள் நிற்பதாகவே பட்டது. பிறகு ஒன்று கவனித்தேன்: பாரி கைக்கு வந்துவிட்டவருக்கு வீரனின் உயிர்ப்புள்ளியைக் கூட்ட வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. அடியே படாதவனுக்கு உயிர் எத்தனை இருந்தால் என்ன? கணக்கைக் கை தின்றுவிடுகிறது. இரண்டையும் சமமாக நிறுத்தும் தராசை இன்னும் எந்த ஸ்டுடியோவும் செய்யவில்லை என்பதே என் எண்ணம். அதற்கு மிக அருகில் போனது இதுதான்.