அண்ணன் கொடுத்த கோப்பு

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கம் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர்களில் சிலருடைய கைக்கு ஒரு கோப்பு வந்து சேர்கிறது. டீமில் மூத்தவர் ஒருவர் தன் வசதிக்கென்று பல வருடங்களாகச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த ஈமேக்ஸ் அல்லது விம் எடிட்டரின் கான்ஃபிக் அது. "இதைப் போட்டுக்கோ தம்பி, எல்லாம் ரெடியா இருக்கும்" என்று சொல்லித் தந்துவிடுகிறார். தருபவரின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்தப் பழக்கத்தால் வாங்கியவருக்கு லாபத்தைவிட நட்டமே அதிகம் என்று நினைக்கிறேன்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1976இல் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கை வைத்துத் தொடங்கியது ஈமேக்ஸ். இன்று நாம் பயன்படுத்தும் குனூ ஈமேக்ஸ் 1985இல் வந்தது. அதே 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரின் வழியில், பிராம் மூலனார் 1991இல் விம்மை வெளியிட்டார். இரண்டுமே நாம் இன்று பழகியிருக்கும் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி உலகத்துக்கு வெளியே பிறந்தவை. புதிதாகத் திறப்பவருக்கு காப்பி பண்ணத் தெரியாது, சேமிக்கத் தெரியாது, வெளியே வரவும் தெரியாது. விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்ற கேள்வியைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று 2017இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே அறிவித்தது. இப்படித் திணறும் பையனுக்கு ஆயத்தமான ஒரு கோப்பு கிடைத்தால் அன்று மதியமே வேலையைத் தொடங்கிவிடலாம். அனுபவசாலி ஒருவர் எதையெல்லாம் அவசியம் என்று கருதினார் என்பதும் அதில் தெரியும். ஸ்பேஸ்மேக்ஸ், டூம் ஈமேக்ஸ், லேசிவிம் என்று ஊருக்கே பொதுவாக வெளியிடப்பட்ட தொகுப்புகளும் இந்தத் தேவைக்குப் பிறந்தவைதான்.

சிக்கல் முதல் கோளாறு வரும் நாளில் தொடங்குகிறது. சோமனூர்த் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்ண்ணா, லேப்டாப் மாத்துனதுல இருந்து ஈமேக்ஸ் திறந்தாலே எரர் காட்டுதுங்க. பாதி கீ வேலையே செய்ய மாட்டேங்குது." எந்த வரியில் தகராறு என்று கேட்டேன். "தெரியலைங்ண்ணா, அது எங்க டீம் அண்ணன் குடுத்தது. நான் உள்ள பார்த்ததே இல்லைங்க." கோப்பைத் திறந்தால் சுமார் 900 வரி.

இதற்கு வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு. முதலில் 'ஈமேக்ஸ் -க்யூ' என்று கட்டளை கொடுத்தால் எந்தக் கான்ஃபிக்கையும் படிக்காமல் எடிட்டர் வெறுமனே திறக்கும். அப்படிச் சரியாகத் திறந்தால் பழுது எடிட்டரில் இல்லை, கோப்பில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். பிறகு அடைப்புக்குறிகள் குலையாமல் கோப்பின் பாதியைச் செயலிழக்க வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். எரர் வந்தால் மிச்சப் பாதியில் பழுது. வராவிட்டால் நிறுத்தி வைத்த பாதியில். அதையும் பாதியாக்கு, மறுபடி பாதியாக்கு. 900 வரியானாலும் பத்துத் தடவைக்குள் குற்றவாளி வரி சிக்கிவிடும். தம்பியின் கோப்பிலும் சிக்கியது. பழைய லேப்டாப்பில் மட்டுமே இருந்த ஒரு ஃபோல்டரிலிருந்து பெர்ல் மொழிக்கான துணைக்கோப்பைத் தேடி எடுக்கச் சொல்லும் வரி அது. அந்த அண்ணன் ஒரு காலத்தில் பெர்ல் எழுதியிருக்கிறார். தம்பிக்குப் பெர்லில் ஒரு வரிகூட எழுத வேண்டியிருந்ததில்லை. அந்த வரியில் எடிட்டர் நின்றுவிட்டதால் அதற்குக் கீழே இருந்த எதுவும் ஏறவில்லை.

யாருக்கும் நேரக்கூடிய சின்னப் பழுதுதான் இது. என்னைக் கவலைப்பட வைத்தது வேறு விஷயம். அந்தத் தம்பி அந்த எடிட்டரில் ஒரு வருடத்துக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்தவர். அப்படியிருந்தும் அதனிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. ஈமேக்ஸின் பெருமையே கேட்டால் பதில் சொல்வதுதான். கண்ட்ரோல்-எச் அழுத்திவிட்டு 'கே' அழுத்தி, பிறகு எந்தக் கீயை அழுத்தினாலும் அது எந்தக் கட்டளையை இயக்குகிறது, அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று விளக்கம் விரியும். 'கே' இருக்கும் இடத்தில் 'வி' அழுத்தினால் ஒரு அமைப்பின் இப்போதைய மதிப்பும் அதன் பொருளும் வரும். அங்கிருந்தே அந்தக் கட்டளையை எழுதிய மூல நிரலுக்குப் போகலாம். விம்மிலும் 'வெர்போஸ்' சேர்த்து ஒரு மேப்பைக் கேட்டால், கடைசியாக எந்தக் கோப்பு அதை மாற்றியது என்பது வரை காட்டிவிடும். இணையத்தில் கிடைக்கும் பதில் ஊரில் எல்லாருக்கும் பொதுவானது. இந்தப் பதில், உங்கள் மேசையில், உங்கள் அமைப்புகளோடு, இந்த நொடி ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரைப் பற்றியது. இப்படி ஓர் உதவி வேறெந்த மென்பொருளிலும் எளிதில் கிடைப்பதில்லை.

இரவல் கோப்பு அறுப்பது இந்தத் தொடர்பைத்தான். டூம், ஸ்பேஸ்மேக்ஸ் போன்றவை பெரும்பாலும் விம் பாணிக் கீகளைக் கொண்டு வருகின்றன. ஈமேக்ஸோடு வரும் பாடத்தைத் திறந்து, கீழ்வரிக்குப் போக கண்ட்ரோல்-என் அழுத்து என்று அது சொல்வதைச் செய்தால் வேறு எதுவோ நடக்கும். புத்தகம் ஒன்று சொல்ல, கை வேறு செய்ய, புதியவர் பாடத்தை மூடிவிட்டு அண்ணனைக் கூப்பிடுகிறார். அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் கதை அங்கேயே நின்றுபோகும். வெளியே யாரிடமாவது கேட்டால் "க்யூ போட்டுப் பார்த்தீர்களா" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதற்குப் பதில் சொல்லவும் தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தறிக்காரருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே வேண்டியதில்லை: நூல் எங்கே அறுந்தது, ஏன் அறுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாத ஆளைத் தனியாகத் தறி ஓட்ட யாரும் விடமாட்டார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக் கான்ஃபிக் எழுதிக்கொள்ளும் வழக்கம் பரவிவிட்டது. பல சமயம் அது நன்றாகவே எழுதித் தருகிறது. சில சமயம் இல்லவே இல்லாத அமைப்பின் பெயரை, இருப்பதுபோல் உறுதியாகச் சொல்கிறது. அந்த வரியை ஒட்டினால் எரர்கூட வராது. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். எடிட்டரிடமே கண்ட்ரோல்-எச் வி கொடுத்துக் கேட்கத் தெரிந்தவருக்கு அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். கேட்கத் தெரியாதவருக்கு இதுவும் இன்னொரு இரவல் கோப்பு.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு நட்டம் இன்னும் கூடுதல். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-எச் எச் அழுத்தினால் பல மொழிகளில் முகமன் கூறும் பக்கம் திறக்கும். அதில் தமிழில் "வணக்கம்" இருக்கிறது. தமிழ் தட்டெழுத உள்ளீட்டு முறைகள் உள்ளேயே வருகின்றன. கண்ட்ரோலும் பின்சாய்வுக் கோடும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் 2020இல் வந்த 27ஆம் பதிப்பில் சேர்ந்தது. அழிப்பதில்கூடக் கவனம் தெரிகிறது. 'கொ' என்று எழுதிவிட்டுப் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய் 'க' நிற்கும். 'கோ' என்று திருத்த அது போதும். அதே எழுத்தின் முன்னால் கர்சரை வைத்து டிலீட் அழுத்தினால் 'கொ' முழுதாகப் போகும். தமிழில் நாள் முழுக்க எழுதுகிறவருக்கு இரண்டுமே தேவை. ஆனால் அண்ணன்கள் தரும் கோப்புகளில் தமிழுக்கென்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. அவர் வேலை முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்குத் தேவைப்படாதது அவர் கோப்பில் எப்படி இருக்கும்? இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துருவின் பெயரும் அளவும்தான். தமிழ் எழுத்துரு தானாக எதையோ பிடித்துக்கொண்டு, ஒரு வரி தடித்தும் ஒரு வரி குறுகியும் தெரியும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்துக்கொள் என்று ஒரே வரி சேர்த்தால் சரியாகிவிடுகிற விஷயம்.

இரவல் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தானே செதுக்குவதிலும் கேடு இருக்கிறது. நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டே மாதக்கணக்கை விட்டவர்கள் உண்டு. கொடுத்த வேலை அப்படியே கிடக்கும். 2015இல் வந்த விஎஸ் கோட் இத்தனை பேரை ஈர்த்ததற்குக் காரணம், திறந்த உடனே வேலைக்கு ஆகிறது என்பதே. எடிட்டரை நோண்ட விருப்பம் இல்லாதவர் அதிலேயே இருக்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் ஈமேக்ஸுக்கும் விம்முக்கும் பெரிய கான்ஃபிக் வேண்டியிருந்த காலமும் போய்விட்டது. எடிட்டரும் மொழிக்கருவியும் பேசிக்கொள்ள 2016இல் ஒரு பொது நெறிமுறை வந்த பிறகு, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக நூறு வரி எழுத வேண்டியதில்லை. அதற்கான வசதி, விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் 2021இலேயே உள்ளே வந்துவிட்டது. ஈமேக்ஸில் 2023இல் வந்த 29ஆம் பதிப்போடு எக்லாட் சேர்ந்து வருகிறது. முப்பது, நாற்பது வரியில் நல்ல வேலைக்கான எடிட்டர் தயாராகிவிடும். நியோவிம் உலகில் கிக்ஸ்டார்ட் என்ற ஒரு தொடக்கக் கோப்பு இருக்கிறது. ஒரே கோப்பு, அதில் வரிக்கு வரி விளக்கம்; படித்துப் பார்த்து மாற்றிக்கொள்வதற்கென்றே எழுதப்பட்டது. இரவல் தருவதென்றால் அந்த மாதிரி தர வேண்டும்.

ஆகவே மூத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். 900 வரியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பத்து வரி கொடுங்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், கண்ட்ரோல்-எச் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். புதியவர்கள், இன்று ஏன் இந்த வரி தேவைப்பட்டது என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஈமேக்ஸோடு வரும் பாடம் தாய், கொரியன், ஹீப்ரு, டச்சு, எஸ்பெரான்டோ உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. தமிழில் இல்லை. வணக்கம் சொல்கிற எடிட்டர் அதற்கு மேல் பாடத்தை ஆங்கிலத்தில்தான் நடத்துகிறது. அது சுமார் ஆயிரம் வரி கொண்ட சாதாரண உரைக்கோப்பு. தொழில்நுட்பத்தை எளிய தமிழில் எழுத முடியும் என்பதை 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் காட்டியிருக்கிறது. கோவைக் கல்லூரிகளின் கணினித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குள் இதை முடிக்கலாம். மொழிபெயர்ப்பவர்கள் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பதிப்புரிமை ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்பதால் அந்த வேலையை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.