மன்னிப்புக்கு முன் பாதுகாப்பு

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அதிர்ச்சியும் மீட்சியும்' என்னும் ஆங்கில நூல், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர், சிறையில் வதைக்கப்பட்டோர், கணவனால் அடித்து ஒடுக்கப்பட்ட மனைவியர் ஆகியோரின் உள்ளக் காயங்களை ஒருசேர வைத்து ஆராய்கிறது. இல்லத்தின் சுவர்களுக்குள்ளும் சிறையிருப்பு உண்டு என்பது இந்நூலின் அடிப்படை வாதம். அச்சமும், இடையிடையே காட்டப்படும் பரிவும், உற்றாரிடமிருந்து பிரிக்கப்படுதலுமே அச்சிறையின் காவல். எனவே, "அவள் ஏன் வெளியேறவில்லை?" என்று கேட்பது கைதியையே குற்றவாளியாக்குவதாகும். நீண்டகால ஒடுக்குமுறையின் விளைவு, ஒற்றை நிகழ்ச்சியின் அதிர்ச்சியினின்று வேறுபட்டது என்றும் அவர் வாதாடினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு அதற்குத் தனி இடமளித்துள்ளது.

பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், பிறரோடு மீண்டும் இணைதல் என மீட்சிக்கு மூன்று படிகளை ஆசிரியர் வகுக்கிறார். போதகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இவ்வரிசையே. காயமுற்ற பெண்ணிடம் முதலாவது மன்னிப்பையும் ஒப்புரவையும் பற்றிப் பேசுவது திருச்சபையில் நெடுநாளைய வழக்கம். ஹெர்மனோ, தான் மன்னித்துவிட்டால் வலி தீரும் என்னும் எண்ணம் பலருக்குப் புதிய வேதனையாக முடிவதைக் காட்டுகிறார். குற்றம் செய்தவன் அறிக்கையிட்டு, மனந்திரும்பி, ஈடுசெய்த பின்னரே மெய்யான மன்னிப்புக்கு இடமுண்டாகும் என்பது அவர் கருத்து. ஆயினும் அவளுடைய குணமாகுதல் அவனுடைய மனந்திரும்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது நமக்கு அந்நியமான போதனையன்று. சகேயுவும் தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தானன்றோ?

நூலுக்குக் குறையும் உண்டு. பெரும்பகுதி சிகிச்சை அறையையே நோக்குகிறது. பாதிக்கப்பட்டவருக்குச் சமூகம் செய்ய வேண்டிய நியாயம் போதிய அளவு விரித்துரைக்கப்படவில்லை. 2023இல் வெளிவந்த 'உண்மையும் ஈடுசெய்தலும்' என்னும் நூலில் ஆசிரியரே அக்குறையை நிரப்ப முனைகிறார். நடந்த தீங்கைச் சமூகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு தம் பக்கம் நிற்பதையே பலர் நாடினர் என்று அதில் காண்கிறோம்.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனத்திற்கு இழைக்கும் கொடுமையையும் வன்முறையென ஏற்று, வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் வழங்குகிறது. போதகர் இதனை அறிந்திருத்தல் கடமை. இன்றிரவு அவள் அச்சமின்றி உறங்க இடமுண்டா என்று விசாரியாமல் ஒப்புரவை வற்புறுத்தும் ஆலோசனை, அவளைச் சிறைக்கே திருப்பியனுப்புவதாகும். ஆலோசனைப் பணியில் ஈடுபடுவோர் அனைவரும் இந்நூலைக் கற்க வேண்டுமெனப் பரிந்துரைக்கிறோம்.